மூன்றாவது சிலிண்டர்

பெட்ரோல் பங்குக்குக் கேனில் பெட்ரோல் கொண்டுவந்த முதல் ஆள் பெரியவளாகத்தான் இருப்பாள். கைக்கு ஒன்றாக இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்து வந்ததை, டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் முதல் கல்லாவில் இருந்த பெண் வரை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பங்க் அவள் தம்பியுடையது. கூரைக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், அப்பாவின் கார் நின்றிருந்தது. கரும்பச்சை உடம்பு, உருண்ட விளக்குகள், கதவுக்குக் கீழே ஏறி நிற்கிற பலகை. கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தான் தம்பி. கதவில் ஒரு துணிப் பேனரும் கட்டியிருந்தான். 'எங்கள் பெட்ரோலில் ஓடும் எழுபது வயது இளைஞன்.'

பெரியவள் அதைப் படித்தாள். கேன்களைக் கீழே வைத்தாள்.

இந்த எஞ்சினை அவள் பிரித்துப் பூட்டி முடித்தது போன வாரம்தான். அதுவும் அம்மா கேட்டுக்கொண்டதற்காக. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் எல்லாம் வரிசை கட்டி மலை ஏறுகின்றன. அப்பா ஒரு வருஷம்கூடத் தவறவிடாத பயணம் அது. அவர் இல்லாத இந்த வருஷமும் வண்டி ஏற வேண்டும், பின்சீட்டில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். இன்று வெள்ளி. மலைப் பாதையில் பாதி தூரம் ஏறி இறங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அம்மா கேட்டிராவிட்டால் பெரியவள் அந்த வண்டியைத் தொட்டிருக்க மாட்டாள். கண் மங்கிய பிறகும் அப்பா காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒருநாள் சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை இடிக்கப் போய், மயிரிழையில் தவிர்த்து வீடு வந்து சேர்ந்தார். அன்று பெரியவள் அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். "இனிமே என் வண்டியில நீ கை வைக்கக் கூடாது" என்றார் அப்பா. அவர் கோபத்தில் சொன்னதை அவள் சட்டமாக எடுத்துக்கொண்டாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவள்தான், தன் எஞ்சின் பட்டறையே கதி என்று கிடந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தது தெரியும். முடியப் போகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் இருந்தவன் தம்பி. சொல்ல வேண்டியவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அந்த முகம் அவளுக்கு எதிரே வந்து நின்றது.

"அந்தக் கேன்ல என்னது?"

"பெட்ரோல்."

"என் பங்குக்கே பெட்ரோல் கொண்டு வர்றியா?"

காற்றடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். தம்பியின் காது மடல் சிவந்தது. ஊரின் அந்தக் கோடியில், அவனுக்குப் போட்டியான பங்கில் வாங்கியது அது. கேனில் ஒட்டியிருந்த சீட்டே சொன்னது.

பெரியவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். உன் பெட்ரோலைக் குறை சொல்லவில்லை, இன்றைய கார்களுக்கு அது போதும் என்றாள். ஆனால் அதில் எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வண்டியின் பெட்ரோல் குழாயும் பம்ப்பின் உள்ளே இருக்கும் சவ்வும் பழைய ரப்பர். எத்தனால் பட்டால் ஊறிப்போய் இளகும். மலை ஏறும் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். அதைவிட முக்கியம், பிஸ்டன். பழைய அளவு பிஸ்டன் எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் தலை கொஞ்சம் உயர்ந்த வேறு பிஸ்டன்களைப் போட்டிருக்கிறாள். சிலிண்டருக்குள் இடம் குறைந்துவிட்டது. முன்பைவிட இறுக்கமாக அழுத்துகிறது. சாதாரண பெட்ரோலை அப்படி நெருக்கினால், எரிய வேண்டிய ஒழுங்கில் எரியாமல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும். எத்தனால் கலக்காத, ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல்தான் அந்த நெருக்கலைத் தாங்கும். அது இந்தப் பங்கில் இல்லை.

"எதை ஊத்தினாலும் குடிக்கிற பழைய எஞ்சின் இல்லடா இது."

"அப்பா கடைசிவரைக்கும் இந்த பெட்ரோலைத்தான் ஊத்தினார். ஒரு குறை கிடையாது" என்றான் தம்பி, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நீ கை வெச்ச பிறகுதான் இதுக்கு வயித்துவலி வந்திருக்கு."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கார் இருமியது.

காலையிலிருந்தே எஞ்சினை ஓடவிட்டு, பார்க்க வந்தவர்களை எல்லாம் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் அவன். நின்ற இடத்தில் ரொம்ப நேரம் ஓடவிடாதே என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். கேட்கவில்லை. வண்டி இரண்டு தடவை குலுங்கி, பின்பக்கம் கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை.

"இளைஞனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார் காற்றடித்தவர்.

பெரியவள் எஞ்சின் மூடியைத் தூக்கி, பொறி தட்டும் பிளக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். முனை முழுக்கக் கரி. அவள் போட்டிருந்தது குளிர் பிளக். அதன் பீங்கான் மூக்கு குட்டையானது. எஞ்சினுக்குள் வாங்கிய சூட்டைச் சட்டென்று வெளியே கடத்திவிடும். மலையில் எஞ்சின் கொதிக்கும்போது அதுதான் காப்பாற்றும். ஆனால் சும்மா நிறுத்தி ஓடவிட்டால் தன்மேல் படியும் கரியை எரித்துத் தள்ளுகிற அளவுக்குச் சூடு ஏறாது, அடைத்துக்கொள்ளும். நீண்ட மூக்குள்ள சூட்டுப் பிளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கரியை எரித்துவிடும். ஏற்றத்தில் அதே சூடு அதற்கு எமன்.

ஊருக்குள் உருட்டிக்கொண்டிருப்பதற்கு அப்பா போட்டிருந்த பழைய சூட்டுப் பிளக்கே நல்லது என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். அவன் முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"பாத்துக்கங்க, அக்கா போட்ட பிளக்" என்றான் தம்பி கூட்டத்திடம்.

அவள் நான்கு பிளக்குகளையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாள். அதற்குள் பங்குக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டாள். சமையலறை வாசலில் நின்றபடியே குடித்தாள் பெரியவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்தபோது, பங்க் ஊழியர் அவளுடைய இரண்டாவது கேனை ஜெனரேட்டருக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முதல் கேன் ஏற்கெனவே காலியாகி ஓரமாகக் கிடந்தது. காரின் டாங்கி, தம்பியின் பெட்ரோலால் மூடிவரை நிரம்பியிருந்தது.

"ஜெனரேட்டர் இனிமே நல்லா ஓடும்" என்றான் தம்பி. "உயர்ந்த சரக்கு."

திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டும் விட்டாள். அதற்குள் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை இவனோடு தனியாக மலைக்கு அனுப்ப முடியாது. பெரியவள் முன்கதவைத் திறந்து ஏறி, படாரென்று சாத்தினாள்.

ஊர் எல்லை தாண்டும்வரை கார் பிசிறில்லாமல் ஓடியது. தம்பி விசிலடித்துக்கொண்டே ஓட்டினான். ஏற்றம் தொடங்கிய பிறகும் கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. பெரியவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது, நாம்தான் பயந்துகொண்டிருக்கிறோமோ என்று. இரண்டாவது கொண்டை ஊசி வளைவைத் திரும்பி, பாதை செங்குத்தாக நிமிர்ந்த இடத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. தகர டப்பாவில் சரளைக்கல் நாலைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு கிலுகிலுப்பு.

"காலை எடு" என்றாள்.

அவன் எடுக்கவில்லை.

"எஞ்சின் இடிக்குதுடா. காலை எடு. கியரை இறக்கு."

"இது பழைய வண்டி. சத்தம் போடத்தான் செய்யும்."

"இந்தச் சத்தம் போடாது. பெட்ரோல் தாங்கலை. என் பிளக் இருக்கிறதால கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அதுக்குள்ள நிறுத்து."

தம்பி அவள் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. "உன் பிளக் எங்க இருக்கு? நீ காபி குடிக்கப் போனப்பவே கழட்டி எறிஞ்சிட்டேன். அப்பாவோட வண்டிப் புத்தகத்துல என்ன நம்பர் போட்டிருக்கோ அந்த பிளக்கைத்தான் போட்டிருக்கேன். புதுசு."

அந்தப் புத்தகம் அச்சானபோது இருந்த பிஸ்டன் வேறு. பொருந்தாத பெட்ரோல், போதாக்குறைக்குச் சூட்டுப் பிளக். முனை தணலாகச் சிவந்து, பொறி வருவதற்கு முன்பே அதுவே தீ வைத்துவிடும். மேலே ஏறி வரும் பிஸ்டனின் தலையில் அடி விழும்.

நிறுத்து என்று கத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவன் தட்டிவிட்டான். கார் ஓரத்துக் கல் கட்டையை நோக்கிச் சாய்ந்து, நிமிர்ந்தது. பின்சீட்டில் அம்மா முன்சீட்டின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். கிலுகிலுப்பு நின்று, ஒரு மொத்தல் கேட்டது. வண்டியின் இழுவை செத்தது. நீலப் புகை கிளம்பியது. இன்னும் கொஞ்சம் முக்கி முனகிவிட்டு, பாதையோரத்து மண் திட்டில் ஏறி நின்றது.

எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் இருந்தது.

பெரியவள் இறங்கினாள். துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரத்துக் கல் கட்டையில் வரிசையாக வைத்தாள். முதலாவது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்ததும் அவள் கை நின்றது. பீங்கான் பொரிந்திருந்தது. முனைக் கம்பி பாதி கரைந்து போயிருந்தது. வெள்ளைப் பீங்கானில் பொடிப் பொடியாக ஈயம் தெளித்தாற்போல மின்னியது. அது பிளக்கின் உலோகம் அல்ல, பிஸ்டனுடையது. மூன்றாவது சிலிண்டருக்குள் பிஸ்டனின் தலை உருகத் தொடங்கியிருக்கிறது.

அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு மாதம் இரவு பகல் பாராமல் பூட்டிய எஞ்சினடா இது என்றாள். ஒரு பேனருக்காகக் கொன்றுவிட்டாய் என்றாள். அவன் விடுவானா? நீதான் வேண்டுமென்றே பொறி விழும் டைமிங்கைத் தப்பாக வைத்திருக்கிறாய், நான் ஓட்டினால் கெட வேண்டும் என்று செய்திருக்கிறாய் என்றான். அப்பாவின் கையை நம்பாமல் சாவியைப் பிடுங்கியவள், என் கையை மட்டும் நம்புவாயா என்றான். பேச்சு காரை விட்டு வேறெங்கோ போனது. எங்கே போகும் என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

"அப்பா சாகக் கிடக்கிறார்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? அவர் உன்னைக் கேட்டாரா? கடைசியில அவர் வாயில வந்தது இந்த வண்டி. நீ இல்ல."

அம்மா காருக்குள்ளிருந்து, "போதும்டா" என்றாள். குரல் எழும்பவில்லை.

கீழிருந்து ஒரு பால் வண்டி ஏறி வந்து, அவர்களைத் தாண்டி, மேலே திரும்பி இறங்க வசதியான இடத்தில் வளைந்துகொண்டிருந்தது. தம்பி ஓடிப்போய்க் கையைக் காட்டினான். ஏறுவதற்கு முன் திரும்பி வந்து கார்ச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். "மெக்கானிக்தானே நீ, கொண்டு வந்து சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். பெற்ற தாய் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது அவனுக்கு நினைவில்லை. இல்லை, நினைவிருந்தும் போனானோ என்னவோ.

பெரியவள் அழவில்லை. அழுதால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பையில் உபரியாக ஒரு செட் குளிர் பிளக் இருந்தது, மாட்டினாள். டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றினாள். சாவி இல்லாவிட்டால் என்ன, இந்தக் காலத்துக் காரா இது. பாட்டரியிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் காயிலுக்கு ஒரு ஒயரை இழுத்து முறுக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். மூன்று காலில் நொண்டிக்கொண்டு எஞ்சின் எழுந்தது. திருப்பிவிட்டால் இனி இறக்கம்தான். பாரம் இல்லை. மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

அம்மா முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஒரு வளைவு தாண்டியது. இன்னொன்று தாண்டியது.

"அவன் சொன்னது பொய் இல்லை" என்றாள் அம்மா. "உங்கப்பா வண்டியைப் பத்திதான் பேசினார்."

பெரியவள் சாலையையே பார்த்தாள்.

"'வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு பெரியவகிட்ட சொல்லு.' அப்படித்தான் சொன்னார், அவன்கிட்ட. திரும்பத் திரும்பச் சொன்னார். இவன் ஷெட்டுக்கு ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு வந்து, 'நல்லா ஸ்டார்ட் ஆகுதுப்பா, நீங்க கவலைப்படாதீங்க'ன்னான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

"வண்டி நல்லாத்தானே இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். முந்தின நாள் இவன் ஓட்டிட்டுப் போன சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தார்."

பெரியவளின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. கார் நடு ரோட்டில் நொண்டியபடி நின்றது.

என் வண்டியில் கை வைக்காதே என்று சொன்னவர் அவர். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. வண்டி ஓடவில்லை என்று சொல்லியனுப்பினால் அவள் வந்துவிடுவாள். வந்திருப்பாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்திருப்பாள்.

"உனக்கு அப்பவே புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எனக்கு ஃபோன் பண்ணலை?"

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அப்பன் படுத்துக் கிடக்கான்னு தெரிஞ்சும் எட்டிப் பாக்காத பொண்ணை நான் எதுக்குக் கெஞ்சணும்னு இருந்தது. வந்தா நீயா வரணும்னு இருந்தேன். உங்களுக்கு மட்டும்தான் கோவம் வருமா? எனக்கும் வரும்டி."

"அம்மா."

"நாளைக்குப் பண்ணிக்கலாம்னு நினைச்சேன். அவருக்கு நாளைக்கு இல்லாம போச்சு."

பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. பெரியவள் கியரைப் போட்டாள். மலை இறங்கி, ஊருக்குள் நுழைந்து, தம்பியின் பங்குக்குத் திரும்ப வேண்டிய நாற்சந்தி வந்தது. அவள் திரும்பவில்லை, நேரே விட்டாள். அம்மா எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

பட்டறைக்குள் காரை ஏற்றி, காயில் ஒயரைப் பிடுங்கினாள். அம்மாவுக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கார்புரேட்டரைக் கழற்றினாள், ரேடியேட்டர் தண்ணீரை வடித்தாள், எஞ்சினின் தலையைத் திறக்கிற வேலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தம்பிமேல் ஒரு வருஷமாக வளர்த்துவந்த வெறுப்பை யார்மேல் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாமேல் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அது பொருந்தியது. தன்மேலும் வைத்துப் பார்த்தாள்.

மாலை வெயில் சாய்கிற நேரத்துக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கினார். பின்னாலேயே தம்பி இறங்கினான். வண்டியை மலையிலிருந்து இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், திருட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். போலீஸ்காரர் அதைச் சொல்லும்போதே சலிப்பு தெரிந்தது. யார் எடுத்துக்கொண்டு வந்தது என்று கேட்டார்.

பெரியவள் ஸ்பேனரைக் கீழே வைப்பதற்குள் அம்மா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நான்தான்."

"நீங்க வண்டி ஓட்டுவீங்களாம்மா?"

"நான் கொண்டு வரச் சொன்னேன், வந்தது. வண்டி என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. இன்னும் யார் பேருக்கும் மாத்தலை. என் புருஷன் வண்டியை நான் எடுத்தா அது திருட்டாங்க? என்னை மலையில விட்டுட்டு இவன் ஒருத்தன் மட்டும் பால் வண்டியில ஏறிப் போனானே, அதுக்கு ஏதாவது சட்டம் இருந்தா எழுதிக்கங்க."

போலீஸ்காரர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். மலையில் அம்மாவை விட்டுவிட்டு வந்த விவரத்தை அவன் புகாரில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. குடும்பத் தகராறுக்கெல்லாம் ஜீப்பை எடுக்கவைத்துவிட்டீர்கள் என்று முணுமுணுத்துவிட்டு, வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பிவிட்டார். தம்பியை ஏற்றிக்கொள்ளவும் இல்லை.

தகரக் கேட்டுக்கு வெளியே அவன் தனியாக நின்றான். பெரியவள் கேட்டின் இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"வண்டியை வெளிய எடு. நான் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்."

"தலையைத் திறந்தாச்சு. மூணாவது பிஸ்டன்ல குழி விழுந்திருக்கு. இழுத்துட்டுப் போய் என்ன பண்ணுவே?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு…"

"ஞாயிற்றுக்கிழமை ஏறாது."

அப்படியானால் எஞ்சினைத் துண்டு துண்டாகவாவது எடுத்துப் போவேன், உன் பட்டறையில் மட்டும் அப்பாவின் வண்டி நிற்கக் கூடாது என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் கேட்டாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லு."

"வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு அக்காகிட்ட சொல்லுன்னார்." கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். "பாவம், நினைவு தப்பியிருந்தது. நான் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணேன். முதல் இழுப்புலயே எழுந்தது. அவர் ஜன்னலுக்குக் கேக்கற மாதிரி ஆக்ஸிலேட்டரை அழுத்திக் காட்டினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு நிம்மதியாப் போனார். அவருக்கு அந்த ஒண்ணையாவது நான் பண்ணேன். நீ என்ன பண்ணே?"

சொல்லும்போது கடைசியில் அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

இவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வருஷமாக அதை ஒரு புண்ணியம் மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

அவனை எங்கே அடித்தால் எழுந்திருக்கவே மாட்டான் என்று இந்த ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவள் பெரியவள். இப்போது அந்த இடம் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. பின்னால், முக்காலியின் பக்கத்தில், அம்மா மூச்சுவிடாமல் நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"எதுக்குக் கேட்டே?" என்றான் தம்பி.

அவள் கை கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போனது.

"உன்னைத்தான் கேக்கறேன். எதுக்கு இப்ப அதைக் கேட்டே?"

பெரியவள் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்து விட்டுவிட்டு, அவனைப் பார்க்காமல் காரைப் பார்த்து நடந்தாள்.

"சொல்ல வேண்டியது நான் இல்லை."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தான், அவள் எஞ்சின்மேல் குனிந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தான். காலையிலிருந்து ஒருமுறைகூட அவன் பக்கம் திருப்பாத முகத்தை அம்மா இப்போது அவனுக்கு நேராக நிமிர்த்தியிருந்தாள்.

"உள்ள வாடா" என்றாள் அம்மா. "கேட்டைச் சாத்திட்டு வந்து இப்படி உக்காரு."